ஏழு பத்துக்கு வரும் மார்க்கர்

ஏழு மணி ஒன்பது நிமிடம் வரைக்கும் அரியருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பத்தாவது நிமிடத்தில் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தின் ரோபோ கூடத்தில் அவனும் மேடமும் மட்டும்தான் இருந்தார்கள். கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை மேடம் தன் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு பெரிய போட்டி விரிப்பு. அதன் ஒரு மூலையில், கோடு போட்ட சதுரத்துக்குள், பிள்ளைகள் செய்த ரோபோ வண்டி நின்றது. செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். நாலு சக்கரம், முன்னால் ஒரு இடுக்கிக் கை, அந்தக் கையில் ஒரு மார்க்கர் பேனா. இருவரும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

ஏழு பத்துக்கு அது மெல்ல முனகியது. தானாக நகர்ந்தது. விரிப்பைத் தாண்டி, மேஜைகளுக்கு நடுவே புகுந்து, வலப்பக்கம் திரும்பி, சுவரோரம் இருந்த ஒரு காலி நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது. கையை உயர்த்தி மார்க்கரை நீட்டியது. யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று காத்திருப்பதுபோல நாலைந்து வினாடி அப்படியே நின்றது. யாரும் வாங்கவில்லை. மார்க்கரைத் தரையில் வைத்துவிட்டு அடங்கியது.

"மேடம், எனக்கு வீட்டுல அவசர வேலை இருக்கு," என்றான் அரியர்.

"உனக்கென்னடா வீட்டுல வேலை?"

"உயிரோட இருக்கற வேலை."

மேடம் சிரிக்கவில்லை. அவளும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உட்கார்ந்திருந்தவர் செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அரியர் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. பொறியியல் படிப்பில் ஏழு பேப்பரை அரியர் வைத்துவிட்டுப் பாதியில் ஓடி வந்தவன். பேப்பர்கள் கல்லூரியிலேயே தங்கிவிட்டன, பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. மேடம் பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். தீப்பிடித்த கடையைப் போய்ப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, முதலாளி பிடிக்க வைத்தாரா என்று சொல்வது அவள் வேலை. சாம்பலைப் பார்த்தே ஆளைச் சொல்லிப் பழகியவள், பிறகு சொந்தமாகத் துப்பறியும் பலகை மாட்டிவிட்டாள். அவளுக்கு அரியர்தான் உதவியாள்.

அவர்களைக் கூப்பிட்டது தலைமை ஆசிரியை. விஷயம் இதுதான். இந்தப் பள்ளியின் ரோபோ அணியை ஆறு வருடமாகத் தயார் செய்தவர் ஒரு கோச். பத்தொன்பது நாளைக்கு முன்னால், ஒரு சாயங்காலம், பைக்கில் போனவரை லாரி அடித்துவிட்டது. ஐந்து நாள் கூடத்தைப் பூட்டி வைத்தார்கள். திறந்த மறுநாளிலிருந்து அநேகமாகத் தினமும் காலையில் அவர் நாற்காலிக்கு முன்னால் ஒரு மார்க்கர் கிடக்கிறது. கோச் சார் உயிரோடு இருந்தபோது ஏழு மணிக்கே வந்துவிடுவார் என்பதும், வந்ததும் முதலில் தேடுவது மார்க்கரைத்தான் என்பதும் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். எட்டுப் பிள்ளைகள் கொண்ட அணியில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். பெற்றோர்கள் போன் மேல் போன். போட்டி நாளை மறுநாள். இன்று பத்து மணிக்குள் யார் செய்வது என்று தெரியாவிட்டால் அணியை விலக்கிக்கொண்டு கூடத்துக்கும் பூட்டுப் போடுவேன் என்று தலைமை ஆசிரியை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு அந்தச் செருப்புப் பெட்டிக்குள் இருந்தது.

முதலில் வாட்ச்மேன். ஜன்னல் வழியாக வண்டி நகர்வதை முதன்முதலில் பார்த்தவர் அவர்தான். பார்த்த அன்றைக்கே வேலையை விட்டுப் போயிருப்பார், ஆனால் எழுதும் பழக்கம் விடவில்லை. உள்ளே வரும் வண்டிகளின் நம்பரைக் குறிக்கும் நோட்டிலேயே இந்த வண்டிக்கும் நேரம் குறித்து வைத்திருந்தார். மேடம் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். முதல் நாள் ஏழு நாலு. அடுத்த நாளும் ஏழு நாலு. பிறகு இரண்டு நாள் ஏழு ஐந்து. அப்படியே மெல்ல ஏறி, நேற்று ஏழு பத்து. நடுவில் இரண்டு நாள் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அந்த இரண்டு நாளும் வண்டி அசையவில்லை என்றார் வாட்ச்மேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது. விடியற்காலையிலிருந்து மழை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

"ஆவிக்கு மழைன்னா லீவா?" என்றான் அரியர். "நம்ம ஆபீஸை விட நல்ல ஆபீஸா இருக்கே."

"ரெண்டு நாளைக்கு ஒரு நிமிஷம் லேட்டா வர்ற ஆளு. மழை பெஞ்சா வரவே வராத ஆளு. உனக்குத் தெரிஞ்சவர்தான், யோசிச்சுப் பாரு."

"எங்க காலேஜ்ல ஒரு ப்ரொஃபசர் அப்படித்தான் மேடம்."

மேடம் அவன் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். எதிர்க் கட்டடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அதன் வழியாக வெயில் ஒரு பட்டை போல உள்ளே இறங்கி, அந்தக் கோடு போட்ட சதுரத்தின் மேல் விழுந்திருந்தது. அரியரின் மூளையில் படிக்காமல் விட்ட ஏழு பேப்பரில் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. வண்டியின் தலையில் ஒளியை உணரும் சென்சார் ஒன்று இருந்தது. பக்கத்து வெளிச்சம் படாதபடி அதைச் சுற்றிக் கறுப்புக் காகிதத்தில் குட்டியாக ஒரு குழாய். இந்தப் போட்டியில் வண்டியை யாரும் கையால் கிளப்பக் கூடாது. சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும், அந்த வெளிச்சத்தைப் பார்த்து வண்டி தானாகக் கிளம்ப வேண்டும். விளக்கு வரும் திசையும் ஜன்னல் இருக்கும் திசையும் இங்கே ஒன்றுதான்.

அவன் வண்டியைத் தூக்கிச் சதுரத்தில் வைத்தான். மேடம் ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்திவிட்டுத் தன் போன் டார்ச்சைக் குழாய்க்கு நேராகக் காட்டினாள். வண்டி சமர்த்தாக முனகிக்கொண்டு நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது.

அரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது. சூரியன் மேல் வழக்குப் போட முடியுமா, வாரன்ட் எடுத்துக்கொண்டு யார் போவது என்று ஆரம்பித்தான். மேடம் கேட்டுக்கொள்ளவில்லை. வெயில் வண்டியைக் கிளப்பும், சரி. ஆனால் முந்தின சாயங்காலம் வண்டியைச் சதுரத்தில் நிறுத்தி, கையில் மார்க்கரைச் செருகி, வெளிச்சத்துக்குக் காத்திரு என்று உயிர்கொடுத்து வைத்துவிட்டுப் போவது சூரியன் இல்லை. அதைச் செய்ய இரண்டு கை வேண்டும்.

யாருடைய கை என்பதில் அரியருக்குச் சந்தேகமே இல்லை. கணக்கு வாத்தியார்தான். கோச் இறந்த பிறகு இந்த அணியை வலுக்கட்டாயமாக அவர் தலையில் கட்டியிருந்தார்கள். இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. பிள்ளைகள் பயந்து ஓடினால் அவருக்கு விடுதலை. ஏழே முக்காலுக்கு வந்தவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பதில் சொன்னார், தனியாக இந்தக் கூடத்துக்குள் வருவதில்லையாம். நெற்றியெல்லாம் வேர்வை. மேடம் சாவியைப் பற்றித்தான் கேட்டாள். அவரோ, "நான் வண்டியைத் தொட்டதே இல்லைங்க," என்று இரண்டு முறை சொன்னார்.

"கேக்காத கேள்விக்கு எவன் பதில் சொல்றானோ அவன்தான் மேடம் திருடன்," என்று அரியர் காதோரம் கிசுகிசுத்தான்.

"திருடன்தான். ஆனா இந்தத் திருட்டு இல்ல," என்றாள் மேடம். அவரைக் கொஞ்சம் வராந்தாவிலேயே இருக்கச் சொன்னாள்.

அவள் கண் சுவரில் மாட்டியிருந்த ஒரு தாளுக்குப் போயிருந்தது. பேட்டரியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதனால் தினமும் கடைசியாகப் போகிறவர் பேட்டரியைக் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு இந்தத் தாளில் ஒரு டிக் போட வேண்டும். தீயோடு குடித்தனம் நடத்திய மேடத்துக்கு இந்தத் தாள் கண்ணில் படாமல் போகுமா? பதினாலு நாளும் டிக் இருந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு அணில் படம். பதினாலு நாளும் பேட்டரி வெளியே இருந்தது என்று தாள் சொல்கிறது. பேட்டரி இல்லாத வண்டி பன்னிரண்டு நாள் ஓடியிருக்கிறது.

பிறகு அவள் அணியின் குறிப்பேட்டை எடுத்தாள். போட்டி நடுவர்கள் படித்துப் பார்க்கும் தடிமனான நோட்டு அது. பிள்ளைகள் மட்டுமே எழுதலாம், பெரியவர்கள் ஒரு வரிகூட எழுதக் கூடாது. வண்டிக்கும் அதே சட்டம்தான், பெரியவர்கள் விரல் படக் கூடாது. நோட்டு முழுக்கத் தப்புகள். 'இன்று மோட்டாரை எரித்தேன்.' 'சக்கரத்தை உள்புறம் வெளிப்புறமாக மாட்டி இரண்டு மணி நேரம் வீணாக்கினேன்.' ஒவ்வொன்றுக்கும் கீழே படம், கையெழுத்து, ஏதோ பதக்கம் வாங்கியது போன்ற பெருமை. தப்பை மறைக்காமல் எழுதினால்தான் அன்றைய வேலை முடிந்தது என்பது கோச் போட்ட ஏற்பாடு. அரியரும் ஒரு காலத்தில் ஆய்வகத்தில் ஒரு மீட்டரை எரித்துவிட்டு, சொல்லப் பயந்து, அந்தப் பக்கமே போகாமல் இருந்தவன். அந்தப் பேப்பர் இன்றுவரை அரியர்தான். தப்பு பண்ணினவனுக்கு இப்படி ஒரு நோட்டைக் கையில் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

மேடம் ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். மேலே தேதி மட்டும் இருந்தது, கோச் இறந்த நாள். கீழே ஒன்றுமே இல்லை.

"ஒரு வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் இவங்க தப்பே பண்ணலையாம்," என்றாள். "அந்த அணிலைக் கூப்பிடு."

அணில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். ஒல்லியாக, துறுதுறுவென்று எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள் என்று அணியில் வைத்த பெயர். இப்போது அந்தத் துறுதுறுப்பில் ஒரு பொட்டுகூட இல்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. உள்ளே வந்ததும் தரையில் கிடந்த மார்க்கரைப் பார்த்தாள், பிறகு டிக் தாளைக் கையில் வைத்திருந்த மேடத்தைப் பார்த்தாள். மறுக்கவில்லை. நான்தான் என்று தலையை ஆட்டினாள்.

மேடம் பக்கத்து ஸ்டூலில் அவளை உட்கார வைத்து, மிரட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டாள். அது கோச்சுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த ஏற்பாடாம். பேட்டரி அவள் பொறுப்பு. மழை இல்லாத நாளில், சாயங்காலம் பேட்டரியைக் கழற்றாமல் வண்டியைச் சதுரத்தில் விட்டுவிட்டுப் போகச் சொல்வாராம். காலையில் தனியாக வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வெயில் வருவதற்குக் காத்திருப்பாராம். பாதுகாப்புக்கு அவ்வளவு சட்டம் போட்ட மனிதர் இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் தன் சட்டத்தையே மீறுவார். நம்ம வண்டி கொண்டு வந்து குடுத்தாத்தான் எனக்கு அன்னிக்கு வேலையே ஓடுது என்பாராம்.

"சரிம்மா. அவர் போனதுக்கு அப்புறமும் ஏன் செய்யறே?"

பெண் தரையில் கிடந்த மார்க்கரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் ஆன்ட்டி அவரைக் கொன்னேன்."

அரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேடம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் பேட்டரி வயரின் முனை உடைந்துபோனதால் அவளே புது வயரைப் பற்றவைத்தாள். பேட்டரியில் செருகும்போது அவசரத்தில் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிவிட்டாள். மாட்டினதும் ஒரு பொறி, ஒரு நாற்றம், வண்டி செத்துவிட்டது. சர்க்யூட் போர்டு எரிந்துபோனது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம். கோச் திட்டவில்லை. நான் பார்த்துக்கறேன், நீ வீட்டுக்குப் போ என்றார். அவள் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனதைப் பார்த்தாள். புது போர்டு வாங்கத்தான் போகிறார் என்று புரிந்தது. இருபது நிமிடத்தில் லாரி.

"மறுநாள் காலைல அவருக்கு மார்க்கர் போகல ஆன்ட்டி. வண்டி செத்துக் கிடந்துச்சு. அதான்." அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "கூடத்தைத் திறந்த அன்னிக்குக் கணக்கு சார் வண்டியைச் சரி பண்ணிட்டேன்னு சொன்னாரு. கோச் சார் பையில இருந்த புது போர்டைத்தான் போலீஸ் குடுத்திருப்பாங்க, அதை மாட்டியிருப்பாருன்னு நினைச்சேன். நான் மேல்மூடியைத் திறக்கவே இல்ல. என்னால அதைப் பாக்க முடியாது."

அரியருக்குக் காலையில் பேயைப் பார்த்தபோது வந்த பயம் இப்போது ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பத்தொன்பது நாளாக ஒரு மனிதனின் சாவை யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடப் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள் என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மேடம் கைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து அவனிடம் நீட்டினாள். நாலு திருகாணி. மேல்மூடி கழன்றது. அரியர் குனிந்து பார்த்தான், முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். பிறகு தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொறியாளரைப் போலப் பேசினான்.

"மேடம், இது புது போர்டே இல்ல. மூலையெல்லாம் வருஷக்கணக்கா தூசி படிஞ்சிருக்கு. எங்கேயும் கருகல. இந்த ஃப்யூஸ் ஒண்ணுதான் புதுசு, பளபளங்குது."

பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

மேடம் கதவைத் திறந்து கணக்கு வாத்தியாரை உள்ளே கூப்பிட்டாள். "நீங்க மாத்தினது போர்டா சார், ஃப்யூஸா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதுவும் மூன்று பேர் பார்க்கும்போது. ஃப்யூஸ்தான் என்று ஒப்புக்கொண்டார். பெரியவர்கள் வண்டியைத் தொட்டால் அணியே தகுதி இழக்கும் என்று பிறகுதான் சட்டப் புத்தகத்தில் படித்தாராம். புதுசாக வந்தவர் ஏதோ தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு மாட்டிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஃப்யூஸ் எங்கிருந்து கிடைத்தது என்று மேடம் கேட்டதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மடித்து மடித்து நைந்துபோன ஒரு சீட்டை எடுத்தார். கூடத்தைத் திறந்தபோது வண்டியின் மேல் ஒரு ஃப்யூஸோடு சேர்த்து ஒட்டியிருந்ததாம். யாருக்கு எழுதியது என்று தெரியவில்லை. விசாரித்தால் தான் தொட்டது வெளியே வந்துவிடும் என்று பயந்து வைத்துக்கொண்டார், தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

மேடம் அதை வாங்கிப் படிக்காமல் அப்படியே பெண்ணிடம் கொடுத்தாள். அவள் தோளுக்கு மேலாக அரியர் எட்டிப் பார்த்தான். சாய்வான, பெரிய பெரிய எழுத்து.

'ஃப்யூஸ்தான் போச்சு. போர்டுக்கு ஒண்ணும் ஆகலை, சோதிச்சுப் பாத்துட்டேன். புதுசு ஒண்ணு ஒட்டியிருக்கேன். காலைல வந்து நீயே மாத்து. நான் தொடலை.'

பெண் அதை எத்தனை முறை படித்தாள் என்று எண்ண முடியவில்லை. கடைசியில் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அப்ப சார் எதுக்கு அவ்வளவு வேகமா போனாரு?"

தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் மேடத்துக்கு இல்லை. அரியர்தான் முன்னால் வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தினான். "அதை அவர்கிட்டதான்மா கேக்கணும். ஆனா போர்டு வாங்கப் போகல. விபத்து நடந்த ரோட்டுல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகூடக் கிடையாது. ஏழு அரியர் வெச்சவன் சொல்றேன், இந்த ஊர்ல நான் ஏறி இறங்காத கடை இல்ல. அந்தப் பக்கம் அவர் வீடுதான் இருக்கு. வீட்டுக்குப் போயிருக்காரு."

மேடம் குனிந்து, பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு, வண்டிக்குள்ளிருந்த அந்த ஃப்யூஸை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தாள். கணக்கு வாத்தியார் பதறிப்போனார். சட்டம், தகுதி என்று என்னவோ சொல்ல வந்தார். "நீங்க மாட்டினதைக் கழட்டிட்டேன் சார். நீங்க செஞ்சதையும் சேத்து நடுவருங்ககிட்ட இவங்களே மறைக்காம சொல்லட்டும்," என்றாள் மேடம். ஃப்யூஸைப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "அவர் சொன்னபடி செய்ம்மா."

முதல் முறை ஃப்யூஸ் நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளே தேடி எடுத்தாள். இரண்டாவது முறை உட்கார்ந்துவிட்டது. பேட்டரி வயரைக் கையில் எடுத்து, சிவப்பைச் சிவப்போடு, கறுப்பைக் கறுப்போடு, உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி மாட்டினாள். வண்டியின் முதுகில் பச்சை விளக்கு எரிந்தது.

அதைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. "சார் இனிமே வரவே மாட்டாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மேடம் மற்ற இருவரையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்து கதவைப் பாதி சாத்தினாள். வராந்தாவில் தலைமை ஆசிரியை விடுவிடுவென்று வந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அவள் முகம் வெளிறியது. யார் இப்படி அலறுவது, இன்னொரு பிள்ளையும் பயந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே கதவுக்குக் கையை நீட்டினாள்.

அரியர் குறுக்கே போய் நின்றான்.

"விடுங்க டீச்சர். இத்தனை நாளாத்தான் பயந்துக்கிட்டு இருந்தா. அவர் செத்ததுக்கு இப்பதான் அழறா."